இடது வரிசை நாற்காலிகள்

வாருங்கள், வாசகர்களே, வந்து பாருங்கள்! அழைப்பு கொலை நடந்த இடத்திற்கு அன்று, கொள்ளை போன வீட்டிற்கும் அன்று. ஒரு பொது மருத்துவமனையின் முதல் மாடிக்கு. நீண்ட கூடம், சன்னலோரம் இடது வரிசை, சுவரோரம் வலது வரிசை. நோயாளிக்குக் கட்டில் உண்டு. மருந்துக்கு அலமாரி உண்டு. குப்பைக்குக்கூட மூடி போட்ட தொட்டி உண்டு. நோயாளியைப் பார்த்துக்கொள்ள வந்தவருக்கு மட்டும் உட்கார இடமில்லை. கட்டிலில் உட்கார்ந்தால் கிருமி என்பார்கள். தரையில் உட்கார்ந்தால் தள்ளுவண்டிக்கு இடைஞ்சல் என்பார்கள். ஆகவே தந்தைக்காக மகள் நிற்கிறாள், மனைவிக்காகக் கணவன் நிற்கிறான், கால் வீங்க வீங்க நிற்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்காதவனைத்தான் நிற்க வைப்பார்கள். இவர்கள் செய்த தவறு என்ன? அன்பு வைத்ததா?

இந்தக் கொடுமை அந்தக் கூடத்துச் செவிலி ஒருத்தியின் கண்ணை உறுத்தியது. காலைப் பணியோடு ஆராய்ச்சிப் படிப்பும் படித்துக்கொண்டிருந்தவள் அவள். எதைக் கண்டாலும் ஏன், எதனால் என்று துளைத்தெடுப்பதால் ஏழாம் கட்டில் அம்மையார் அவளுக்குக் ‘கேள்விக்காரி’ என்று பெயர் சூட்டியிருந்தார். பெயர் கூடம் முழுவதும் ஒட்டிக்கொண்டது.

அந்த அம்மையார் இடுப்பெலும்பு முறிந்து, அறுவை முடிந்து படுத்திருந்தார். உடல் தேறத் தெம்பு வேண்டும், தெம்புக்கு உணவு வேண்டும். அவரோ இரண்டு வாயோடு கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். நடைப்பயிற்சி என்றால் நாளைக்கு என்பார். மருத்துவர் பசிக்கு மருந்து எழுதினார், பயனில்லை. கேள்விக்காரி விடுவாளா? கணவர் தண்ணீர் பிடிக்கப் போன சமயம் பார்த்துக் கேட்டாள். அம்மையார் முதலில் மழுப்பினார், பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“நான் மெதுவாச் சாப்பிட்டா அவரு அவ்வளவு நேரமும் நிக்கணும், கண்ணு. அவரு கால நீ பாத்தியா? போதும்னு சொல்லிட்டா சீக்கிரம் வீட்டுக்குப் போயிடுவாரு. அதான்.”

கணவர் பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்காரச் சொல்லி யாராவது பரிந்து பேசினால், ஓடுகிற பஸ்ஸிலேயே நின்றவன், இந்தக் கட்டடம் ஓடவா போகிறது என்று சிரித்து மழுப்புவார். அவர் மனைவிக்காக வலியை மறைத்தார். மனைவியோ கணவருக்காகப் பசியை மறைத்தார். இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றியதில் இளைத்தது ஓர் உடல், வீங்கியது இன்னோர் உடல்!

அவள் கண்காணிப்பாளரிடம் போனாள். பழைய பொருள் அறையில் தூசி தின்றுகொண்டிருந்த நாற்காலிகளை இடது வரிசைக்கு மட்டும் கேட்டாள். வலது வரிசை பழையபடியே இருக்கட்டும். எந்த வரிசை நோயாளிகள் நன்றாக உண்கிறார்கள், எழுந்து நடக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம், தன் பட்டத்துக்கான ஆராய்ச்சியும் அதுவே என்றாள். அவர் கெட்டவர் அல்லர். ஆனால் விதியைக் கண்ணாடிபோல் மூக்கில் மாட்டிக்கொண்டவர். இடது வரிசை முந்தினால் எல்லாக் கட்டிலுக்கும் நாற்காலி, முந்தாவிட்டால் எல்லாம் அறைக்குத் திரும்பும் என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

ஏழாம் கட்டில் இடது வரிசை. நாற்காலி வந்ததும் நடத்துனர் புது மாப்பிள்ளைபோல் கூச்சத்தோடு அதன் நுனியில் ஒட்டினார்.

“நல்லா சாஞ்சு உக்காருங்க. டிக்கெட் கேட்டு யாரும் வரமாட்டாங்க,” என்றார் மனைவி. அன்று கிண்ணம் காலியானது.

வாரங்கள் நகர்ந்தன. அம்மையார் கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு சன்னல் வரை நடந்தார். செவிலிக்கு மகிழ்ச்சிதான், ஆனால் ஒரு குழப்பம். நாற்காலியே இல்லாத வலது வரிசையும் அதே வேகத்தில் தேறிவந்தது! தன் கணக்கில்தான் பிழை என்று தலையைப் பிய்த்துக்கொண்டவள், ஒருநாள் விடுப்பில் இருந்தபடியே பிற்பகலில் சொல்லாமல் வந்து நின்றாள்.

நாற்காலிகளில் பாதி வலது வரிசையில் கிடந்தன. நடுப்பாதையில் நடத்துனர், கட்டில் கம்பியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, பழைய தோரணையில் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

“அந்தத் தம்பி ரொம்ப நேரமா நிக்கிறாரு, நீங்க கொஞ்சம் எந்திரிச்சுக் குடுங்கம்மா. அடுத்த ஸ்டாப்புல உங்களுக்கு இடம் வரும்.”

அவளைக் கண்டதும் ஒருவர் நாற்காலியை இடது வரிசைக்கு இழுக்கப் போக, உண்மை வெளிவந்தது. தினமும் காலையில் அவள் வருவதற்குள் நாற்காலிகளை வரிசைக்குத் திருப்பிவிடுவார்களாம். பிற்பகல் செவிலியர் எல்லோருக்கும் தெரியுமாம்.

“என் ஆராய்ச்சியையே கவுத்துட்டீங்களே ஐயா. இந்தப் பக்கமும் உக்காந்துட்டா நான் எதை வச்சு நிரூபிக்கிறது?”

நடத்துனர் முகம் வாடிப்போனது. “தப்புதான் சிஸ்டர். காலி சீட்டும் நிக்கிற ஆளும் ஒரே வண்டியில இருந்தா, என் கை சும்மா இருக்காதும்மா.”

“பழைய வியாதி அது. மருந்து இருந்தா அதுக்கும் சேத்துக் குடு,” என்றார் அம்மையார் கட்டிலிலிருந்து.

நாளை முதல் நாற்காலி நகராது, நானே காவல் இருக்கிறேன் என்று நடத்துனர் வாக்களித்தார். ஆசைதான்! அவள் வாயைத் திறந்து சரி என்றால் போதும். இன்னும் சில வாரங்களில் வித்தியாசம் தெரிந்துவிடும், நாற்காலிகள் நிலைக்கும். வலது வரிசையில் ஒரு மகள் நாற்காலியில் அமர்ந்தபடியே, தகப்பன் கைமேல் தலைசாய்த்து உறங்கிக்கொண்டிருந்தாள். சரி என்று சொன்னால் முதலில் எழுப்ப வேண்டியது அவளைத்தான். செவிலி படியிறங்கினாள்.

நடந்ததை நடந்தபடியே கண்காணிப்பாளரிடம் சொன்னாள். நாற்காலி வருமுன் இருந்ததைவிட இரண்டு வரிசையும் நன்றாகத் தேறியிருக்கின்றன என்றாள். நாம் பேசியது அதுவன்று, வரிசைகளுக்குள் வித்தியாசம் இல்லை என்றார் அவர். வேண்டுமானால் மீண்டும் தொடங்கலாம். வலது வரிசையில் யாரும் உட்காராதபடி ஒரு காவலாளியைப் போடுகிறேன் என்று இரக்கத்தோடுதான் சொன்னார்.

“உக்காராதேன்னு காவல் போட்டுத்தான் ஆராய்ச்சி நடக்கணும்னா, அந்தப் பட்டமே எனக்கு வேண்டாம் சார்,” என்றாள் அவள்.

நாற்காலிகள் அன்றே அறைக்குத் திரும்பின. மறுநாள் அம்மையார் இரண்டு வாயோடு கிண்ணத்தைத் தள்ளினார். நடத்துனர் கிண்ணத்தைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். நாற்காலி வருமுன் மனைவியின் பசி எங்கே போயிருந்தது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. விறுவிறுவென்று வெளியேறினார். தன்மேல் கோபம் போலும் என்று செவிலி கலங்கினாள்.

அடுத்த நாள் காலை வாயிலில் ஒரே சலசலப்பு. வீட்டு நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடத்துனர் முன்னே நின்றார். பின்னால் இரு வரிசை உறவினரும் நின்றார்கள். மடக்கு நாற்காலி, முக்காலி, தையல்காரரின் வட்ட இருக்கை, யாரோ கடையிலிருந்து தூக்கிவந்த பெஞ்சு! நோயாளியின் நலனுக்குத் தேவையானதை உறவினர் கொண்டுவரலாம் என்று வாயில் பலகையே சொல்கிறதே, இதைவிட என்ன தேவை என்று நடத்துனர் கேட்டார். தடுக்க வந்த வாயில் காவலாளி பலகையைத் திரும்பிப் பார்த்தார். அவரும் பணிக்கு வந்த நாள்முதல் அதே வாயிலில் நின்றவர்தானே! நடத்துனர் ஒரு முக்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

“முதல்ல நீங்க உக்காருங்க தம்பி. அப்புறமா சட்டம் பேசலாம்.”

காவலாளி சுற்றும் முற்றும் பார்த்தார்; உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்து தடுக்கவில்லை.

கண்காணிப்பாளர் வந்து பார்த்துவிட்டு, இது உன் ஏற்பாடா என்று செவிலியைக் கேட்டார். இல்லை, ஆனால் நான் செய்திருக்க வேண்டியது என்றாள். அவர், மறு உத்தரவு வரும்வரை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று கிண்ணம் காலியாகும்வரை செவிலி கட்டிலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மையார் கணவரைக் கண்ணால் சாடை காட்ட, வீட்டு நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் நகர்ந்து பாதி இடம் விட்டார்.

“எத்தனை நாளா நின்னுட்டே கேள்வி கேப்ப? உக்காரு கண்ணு.”

கேள்விக்காரி உட்கார்ந்தாள். அந்தக் கூடத்தில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் முறை.

ஆனால், வாசகர்களே, ‘மறு உத்தரவு வரும்வரை’ என்பது நீர்மேல் எழுதிய எழுத்து! கரையாத எழுத்தாக அதை மாற்ற நீங்கள் வேண்டும். உங்கள் ஊர் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் பாருங்கள். நாற்காலி இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள். கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போங்கள்!