சுருளில் பதினொரு நிமிடம்

அந்த மருந்துத் தொழிற்சாலையில் மேனேஜர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும்கூட. அவளுடைய நாத்தனாரும் அங்கேதான் வேலை பார்த்தாள். நாத்தனார் வாயிலிருந்து கிளம்புவது எதுவானாலும் கட்டடம் முழுக்கப் பரவிவிடும். நாமும் அண்ணி என்றே வைத்துக்கொள்வோம்.

அண்ணி பத்தொன்பது வருடம் குண்டனோடு குடித்தனம் நடத்தியவள். தப்பாக நினைக்காதீர்கள், குண்டன் என்பது இரண்டு ஆள் உயர இரும்புக் கலம். வலிப்பு மருந்துக்கான சரக்கையெல்லாம் ஒரே தடவையில் அதில் ஊற்றி, சூடாக்கி, கிளறி, மறுநாள் இறக்குவார்கள். அதில் ஏதாவது கோணலாகத் தெரிந்தால் அந்த நொடியே கை வைக்க வேண்டும். அண்ணியின் கை அப்படித்தான் பழகியிருந்தது.

இப்போது குண்டனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஒல்லியைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒல்லி வெறும் குழாய், சுண்டுவிரல் பருமன். இரண்டு பம்புகள் இரண்டு திரவங்களைத் தள்ளும். இரண்டும் ஒன்றாகி, சூடான எண்ணெய்க்குள் சுருண்டு கிடக்கும் குழாயில் ஓடி, மறுமுனையில் மருந்தாக வரும். இறக்குவது, ஏற்றுவது என்ற பேச்சே இல்லை. உள்ளே போவது போய்க்கொண்டே இருக்கும், வெளியே வருவது வந்துகொண்டே இருக்கும். நுழைந்தது வெளியே வரப் பதினொரு நிமிடம். அங்கே ஒரு வால்வு. வலப்பக்கம் திருப்பினால் அடுத்த அறைக்குப் போகும், இடப்பக்கம் திருப்பினால் கழிவு டிரம்முக்கு. அடுத்த அறை போய்ச் சேர இன்னும் பத்தொன்பது நிமிடம். அது நாத்தனாரின் ராஜ்ஜியம். அவளிடமும் அதேபோல ஒரு வால்வு; அதற்கு அப்பால் மூன்று நாள் மருந்து சேர்ந்து கிடக்கும் தொட்டி.

ஒல்லி வந்த புதிதில் சாப்பாட்டு அறையில் மேனேஜரிடம் நாத்தனார் சொன்னாள்: "எங்க அண்ணிக்குக் குண்டன்தான் சார் லாயக்கு. கிளறிப் பழகினவங்க. ஓடுற தண்ணியெல்லாம் அவங்களுக்குப் பிடிபடாது."

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஆறு வாரம். ஒரே வீடு, ஒரே மேஜை. "உங்க தங்கச்சிகிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்பாள் அண்ணி. "உன் பெண்டாட்டிகிட்ட கைக்கு எட்டுற தூரம்தான்னு சொல்லுண்ணா" என்பாள் நாத்தனார். நடுவில் உட்கார்ந்திருந்த மனிதருக்குத் தபால்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அண்ணியோ விடவில்லை. படித்தாள், பரீட்சை எழுதினாள், தேறினாள். இன்றுதான் ஒல்லியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் முதல் நாள்.

காலை பத்து இருபதுக்கு இரண்டாவது பம்பு விக்கியது. உள்ளே காற்று புகுந்துவிட்டது. அண்ணி சட்டென்று வால்வை இடப்பக்கம் திருப்பினாள். இரண்டு நிமிடத்தில் பம்பு ஒழுங்குக்கு வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஐந்து நிமிடம் விட்டுவிட்டு வலப்பக்கம் திருப்பினாள். குழாய் முனையில் நல்லது கெட்டது சொல்லும் கருவி அன்று பழுதுபார்க்கப் போயிருந்தது. எனக்கு அது எதற்கு என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து நாற்பத்து நாலுக்குப் பதிவேட்டில் எழுத உட்கார்ந்தாள். 'பம்பு விக்கியது 10.20. வால்வு திருப்பியது 10.20.' பேனா நின்றது.

இருபதுக்கு உள்ளே போன கோளாறு முப்பத்தொன்றுக்கல்லவா வால்வுக்கு வரும். இருபதில் வந்துகொண்டிருந்தது நல்ல மருந்து. நல்லதைக் கழிவில் கொட்டிவிட்டு, அரைவேக்காட்டுக்கு வழி திறந்து வைத்திருக்கிறாள். அது இப்போது சுவருக்குள், அடுத்த அறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பத்து ஐம்பதுக்குத் தொட்டிக்குள் விழும். கடைசிச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்தான். ஆனால் மூன்று நாள் மருந்தையும் கொட்ட வேண்டியிருக்கும். கடைகளில் ஏற்கெனவே அந்த மாத்திரை கிடைப்பதில்லை.

ஒல்லியை நிறுத்தலாம் என்றால், சுருளுக்குள் நிற்பது கருகி அடைத்துக்கொள்ளும். ஓடிப்போகலாம் என்றால், உடை மாற்றி, கால் உறை மாட்டி அந்த அறைக்குள் நுழையவே பத்து நிமிடம் பிடிக்கும். மிச்சமிருந்தது சுவரில் தொங்கிய போன்தான்.

போனில் வேலை சொல்ல அங்கே ஒரு முறை உண்டு. காரணத்தோடு சொல்ல வேண்டும். கேட்டவர் அதை அப்படியே உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒருவர் எழுத வேண்டும். அண்ணி போனை எடுத்துவிட்டாள்.

"என்ன, தபால்காரருக்குப் போட்ட போன் இங்க வந்துடுச்சா?" என்றாள் நாத்தனார்.

"பத்து நாப்பத்தேழுக்கு உன் வால்வைக் கழிவுக்குத் திருப்பு. அம்பத்தேழு வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

"காரணம்?"

"பம்பு விக்குச்சு. நான் வால்வைத் தப்பான நேரத்துல திருப்பிட்டேன். பதினோரு நிமிஷத்தைக் கூட்டல."

 நாத்தனார் முனகினாள்: "நாப்பத்தேழுலேருந்து அம்பத்தேழு, கழிவு. ஒன்னாம் ரூம்ல... தப்பான நேரத்துல..."

"சத்தமாச் சொல்லு. எழுதுறவங்களுக்குக் கேக்க வேண்டாமா?"

"அண்ணி, இங்க மூணு பேர் நிக்கிறாங்க."

"நிக்கட்டும். மணி நாப்பத்தாறு ஆச்சு."

நாத்தனார் உரக்கச் சொன்னாள், ஒரு சொல் விடாமல். வால்வு திரும்பும் கிறீச் சத்தம் போனில் கேட்டது.

வால்வு பழையபடி திரும்பும்வரை இருவரும் போனை வைக்கக் கூடாது. இரண்டு நிமிடம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி விட்டு ஒத்திகை பாத்தோமே," என்றாள் நாத்தனார், குரலை இறக்கி. "அன்னிக்கு நானும் இதேதான் பண்ணேன். வெறும் தண்ணிதானே, யாருக்கும் தெரியல."

"அதை வச்சுக்கிட்டுத்தான் எனக்குப் பிடிபடாதுன்னு சொன்னியா?"

"எனக்கே பிடிபடலையே, உங்களுக்கு மட்டும் எப்படின்னு ஒரு இது."

"நல்லா இருக்குடி உன் நியாயம்."

"துணி காயப்போட்டீங்களா காலைல?"

"உன்னுதையும் சேர்த்துத்தான்."

ஐம்பத்தேழுக்கு வால்வு திரும்பியது. தொட்டியிலிருந்து எடுத்த சாம்பிள் சுத்தம் என்று மத்தியானம் லேப் சொன்னது. மேனேஜர் தவறு அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ரெண்டு வாரம் கூட ஒரு ஆள் இருக்கட்டும் அண்ணி, தனியா வேண்டாம்" என்றார். அண்ணிக்கு வலித்தது, ஆனாலும் தலையாட்டினாள். நாத்தனார் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, தண்ணீர் ஒத்திகையையும் எழுதிக் கொடுத்தாள். அவளுக்கும் இரண்டு வாரம் கிடைத்தது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உப்பு தானாகவே அண்ணி பக்கம் வந்தது. இரண்டு பெண்களும் பம்புக்குள் காற்று எப்படிப் புகுந்தது என்று தட்டில் கோடு போட்டு விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த மனிதர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"எனக்கு ஒன்னும் சேதி இல்லையா?" என்றார்.

"கொஞ்சம் பின்னால தள்ளி உக்காருங்க," என்றாள் அண்ணி. "அவ முகத்தை மறைக்கிறீங்க."