சாணை பிடித்த ஊசி

சாணைக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டு அவள் பட்ட பாடு போதாதென்று, அவருக்குச் சர்க்கரையும் வந்து சேர்ந்தது. வேளை தவறாமல் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சர்க்கரையோ இறங்குவேனா என்று அடம் பிடிக்கிறது. கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறுகிற வழியைக் காணோம். இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மனுஷன் திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். சட்டைப்பையைத் துழாவினாள், கடை மேசையைக் குடைந்தாள். பக்கத்து பேக்கரிக்காரரிடம் போய், இவருக்கு எதையாவது விற்றால் தெரியும் சேதி என்று ஒரு பாட்டம் சண்டையும் போட்டுவிட்டு வந்தாள். பாவம், அந்த பேக்கரிக்காரர் பேந்தப் பேந்த விழித்தார்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடக் கூப்பிடலாம் என்று கடைக்குள் போனால், இவர் பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு, இருப்பதிலேயே வழவழப்பான கல்லில் எதையோ தேய்த்துக்கொண்டிருக்கிறார். கிட்டே போய்ப் பார்த்தாள். இன்சுலின் ஊசி.

"என்னங்க இது?"

"முனை மழுங்கிப்போச்சு. தீட்டறேன்."

"ஒரு தடவை போட்டா தூக்கிப் போடணும்னு நர்ஸ் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே! புது ஊசி பெட்டி பெட்டியா அலமாரியில கிடக்கு."

"கல்லை உடைச்சுக் கத்தி பண்ணின காலத்துலேருந்து பாரு," என்று ஆரம்பித்துவிட்டார். "மழுங்கினா தீட்டினாங்க. செத்தவன் கூடவே கத்தியை வெச்சுப் புதைச்சாங்க. சாப்பாட்டு மேசைக் கத்தி முனையை மழுக்கச் சொல்லி ஒரு ராஜா சட்டமே போட்டான். ஆனா ஒரே ஒரு வெட்டு வெட்டிட்டுக் குப்பையில போட்டவன் எவனாவது உண்டா?"

கடைக்கு வருகிறவர்கள் வாயைப் பிளந்து கேட்கிற கதைதான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க கத்திப் புராணத்தைத் தூக்கி உடைப்புல போடுங்க. சட்டையைத் தூக்குங்க முதல்ல."

தொப்புளைச் சுற்றிக் கட்டி கட்டியாகக் கன்றிப்போய்க் கிடந்தது. உடனே டாக்டருக்குப் போன் போட்டாள். ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பக் குத்தியதால் வந்த கட்டி, அதில் போட்ட மருந்து உடம்பில் ஒழுங்காகச் சேராது என்றார் அவர். இனி மருந்து முழுசாக ஏறும் என்பதால் அளவைக் குறைத்து, புது ஊசியில், கட்டி இல்லாத இடமாகப் பார்த்துப் போடச் சொன்னார்.

அவளே போட்டாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

"குத்தறதைச் சீக்கிரம் குத்து."

"குத்தி எடுத்தாச்சு."

கண்ணைத் திறந்து வயிற்றைக் குனிந்து பார்த்தார். "வலிக்கவே இல்லையே."

"அப்போ இத்தனை நாளும் வலிச்சுதா? வாயைத் திறந்து சொன்னா என்ன, முத்து உதிர்ந்துடுமா?"

அவர் கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "வலிச்சப்போல்லாம் நான் தீட்டினதுதான் சரியில்லைன்னு நினைச்சேன். கண்ணு மங்கிட்டே வருது. கைப்பக்குவமும் போயிடுச்சோன்னு பயம். அதான் இன்னும் இன்னும் தீட்டினேன்."

திட்டுவதற்கு வண்டி வண்டியாக வைத்திருந்தாள். "நாளைக்குக் கண் டாக்டரைப் பார்க்கப் போறோம்," என்று மட்டும் சொல்லி, அவர் சட்டையை இறக்கிவிட்டாள்.