தலை நீட்டிய கம்பி

"கையைத் தூக்குங்க," என்றார் டாக்டர். என் அக்கா புருஷன் தூக்கினார். தோள் மட்டத்துக்கு வந்ததும் கை நின்றது, மூஞ்சி கோணியது. அவ்வளவுதான்.

அக்காவுக்கு வந்ததே கோபம். "மூணு மாசமா இதே கதைதான் சார். எக்சர்சைஸ் பண்ணச் சொன்னா வலிக்குது வலிக்குதுன்னு உக்காந்துடறாரு. வீட்ல உக்காந்து டிவி பாக்கற சுகம் கண்டுக்கிட்டாரு."

மச்சான் பெயின்டர். சீலிங் வேலைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது என்பார்கள். சும்மா உட்காரச் சொன்னால் பைத்தியம் பிடிக்கிற மனுஷன். ஏணியிலிருந்து விழுந்து மேல்கை எலும்பு முறிந்தபோது, "எங்க ஆஸ்பத்திரிக்கே வாங்க, நான் பாத்துக்கறேன்" என்று இழுத்துக்கொண்டு வந்தது நான்தான். பார்த்துக்கொண்ட லட்சணம் இது!

நான் இங்கே ஆபரேஷன் தியேட்டரில் எக்ஸ்ரே மெஷின் ஓட்டுகிறவன். டாக்டர் தோளில் கீறி, எலும்பின் நடுக்குழலுக்குள் நீளக் கம்பியை இறக்குவார். அது எங்கே போகிறது என்று நான் திரையில் காட்டவேண்டும். மச்சானின் ஆபரேஷன் அன்றைக்கும் இதே டாக்டருக்குக் காட்டினேன். கம்பியின் தலை முழுசாக எலும்புக்குள் இறங்கவில்லை. ஒரு நெல்மணி அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கும்போதெல்லாம் அது தோளுக்குள் குத்தும் என்று பதினோரு வருஷமாகப் படம் எடுக்கிற எனக்குத் தெரியாதா? "சார், இன்னொரு படம் எடுக்கவா?" என்றேன். ஏதோ சரியில்லை, பாருங்கள் என்பதை எங்கள் தியேட்டரில் இப்படித்தான் சொல்வோம். நேராகச் சொல்கிற வழக்கம் இல்லை. சொன்ன நர்ஸ் ஒருத்தி இப்போது ரெக்கார்டு ரூமில் பழைய ஃபைல்களைத் தூசி தட்டுகிறாள். "போதும், தைச்சிடலாம்," என்றார் டாக்டர். வாயைப் பொத்திக்கொண்டு மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

டாக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "எலும்பு சூப்பரா கூடியிருக்கு. இனிமே எல்லாம் உங்க முயற்சிதான்." கம்பியின் தலை அவர் கண்ணில் பட்டதா, படவில்லையா, கடவுளுக்கே வெளிச்சம்.

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, அன்னைக்கு நீ உள்ள இருந்தியே. தோளுக்குள்ள ஏதோ குத்துதுன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நீ சொல்லு, நான் நம்பறேன். ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லன்னே வெச்சுக்கறேன்."

அந்தக் கம்பியை எடுத்துவிட்டால் இந்த மனுஷன் மறுபடி ஏணி ஏறலாம். சொன்னால் நாளைக்கு நான் எங்கே போவேன்?

"எலும்பு நல்லா கூடியிருக்கு மச்சான்," என்றேன். பொய் இல்லை. அதுதான் அசிங்கம்.

"இப்பவாவது கேட்டீங்களா?" என்றாள் அக்கா.

"அப்போ எனக்குத்தான் உடம்பு வணங்கல போல," என்று சிரித்தார் மச்சான்.

வெளியே வந்ததும் வராந்தாச் சுவரை ஒட்டி நின்றார். பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்தபடி, சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக மேலே நகர்த்தினார். தோள் உயரத்தில் கை நின்றது. இந்தத் தடவை அவர் இறக்கவில்லை. நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு விரல் மேலே ஏற்றினார். இன்னொரு விரல்.

"போகுது பாரு மாப்ள," என்றார். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.