தகர டின்னில் கட்டிய மணி

கணீரென்று மணி அடித்தது. டின்னுக்குள் விட்ட கை விட்டபடியே நின்றது கோகிலவாணிக்கு. வாய் நிறைய மொறுமொறுப்பான அரிசித் தட்டடை. மென்றால் சத்தம் கேட்கும், துப்ப இடமில்லை.

போன மாதம் சந்தையில் விற்ற கன்றுக்குட்டியின் கழுத்து மணி அது. அதை டின் மூடியில் சணல் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று சாமான் அறை இருட்டில் அவளுக்கு எப்படித் தெரியும்?

கதவு திறந்தது. நாலு மணி வெயில் மொத்தமும் அவள் முகத்தில் விழுந்தது. வாசற்படியில் மாமியார் காசியம்மாள், இடுப்பில் கை வைத்தபடி.

"கன்னுக்குட்டிய வித்துட்டோம்னு இருந்தேன். பெருசு ஒண்ணு வூட்டுக்குள்ளயே நிக்குது."

கோகிலவாணி விழுங்கினாள். தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கியது.

"முந்தாநாள் சுட்டு வெச்சது, பாதி டின்னு காலி. வயிறா அது, கெணறா?"

"ரெண்டு நாளா நாலுதான் அத்தை எடுத்தேன்."

"நாலு தின்னா பாதி டின்னு காலியாவுமா? ஏண்டி, பொய்ய மென்னு முழுங்கினா பசி அடங்கிடுமா?"

கோகிலவாணிக்கே சந்தேகம்தான். இருட்டில் வாய்க்குள் தள்ளும்போது கணக்கா வைக்கிறாள்? நாலு என்று நினைத்தது நாற்பதாகவும் இருக்கலாம். தன்னையே நம்ப முடியாத இடத்துக்கு அவள் வந்து வெகு நாளாகிவிட்டது.

தக்காளி லோடு ஏற்றிவிட்டு பாலக்கோடு மார்க்கெட்டிலிருந்து திரும்பிய புருஷன் நவநீதன், செருப்பைக் கழற்றுவதற்குள் விஷயம் அவன் காதுக்குப் போய்விட்டது. அவன் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"கேட்டா நான் வாங்கித் தர மாட்டனா? திருடித் திங்கற அளவுக்கு உனக்கு இங்க என்னா கொறை?"

"கொறை இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு?"

அந்தக் கேள்விக்குத்தான் கல்யாணமான ஒன்பது வருஷமாக அவளும் விடை தேடிக்கொண்டிருக்கிறாள்.

காசியம்மாள் அதோடு விடவில்லை. இண்டூரில் இருக்கும் கோகிலவாணியின் அண்ணன் முனிராஜுக்கு போன் போட்டாள், ஸ்பீக்கரில், வீடே கேட்கிற மாதிரி. "தம்பி, ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போங்க. உங்க தங்கச்சிக்கு எங்கூட்டுச் சோறு பத்தலியாம். இனி ஒரு தரம் அந்த மணி அடிச்சா, துணிமணியோட கூட்டிட்டுப் போயிடுங்க. திருப்பிக் கொண்டாந்து விட வேணாம்."

முனிராஜின் மனைவி பின்னாலிருந்து ஏதோ கேட்பதும், அவன் "அப்புறம் சொல்றேன்" என்பதும் கேட்டது. அப்பா, அம்மா இரண்டு பேருமே இல்லாத அந்த வீட்டில் தனக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று அந்த ஒரு குரலிலேயே கோகிலவாணிக்குத் தெரிந்துவிட்டது.

காசியம்மாள் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு. பொழுது விடியுமுன் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். தக்காளி பறிக்கும் ஆட்களுக்குக் களியும் குழம்பும் தோட்டத்துக்குப் போகும். அப்புறம் நவநீதன். அப்புறம் வந்தவர் போனவர். எல்லாரும் கை கழுவிய பிறகு மருமகள் சட்டியைச் சுரண்டிக்கொள்ளலாம். அதற்குள் மணி மூன்றாகிவிடும், பசி செத்துப்போயிருக்கும். நாலு மணிக்கு அது பேயாக எழுந்து வரும். மாமியார் எப்போது சாப்பிடுவாள் என்று கேட்கிறீர்களா? அதை யாரும் பார்த்ததில்லை. "எனக்கெல்லாம் பசிங்கிறதே எடுக்காது" என்பது காசியம்மாளின் பெருமை. ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

வியாழக்கிழமை வயிற்றெரிச்சல் என்று சொல்லிவிட்டு கோகிலவாணி தருமபுரிக்குப் பஸ் ஏறினாள். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, பக்கத்து அறையில் தஸ்லீம் என்கிற மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். தஸ்லீமுக்கும் அவள் வயதுதான் இருக்கும். முதல் கேள்வியே நேராக வந்தது.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. நேத்து நெறைய தின்னுட்டேன். அதான் இன்னிக்கு வயித்தக் காயப் போட்டுருக்கேன்."

"நேத்து காலையில?"

"நேத்தும் ஒண்ணுமில்ல. முந்தாநேத்து தின்னதுக்கு."

தஸ்லீம் பேனாவை மூடி வைத்தார். "மாட்ட நாள் பூரா தண்ணி காட்டாம கட்டிப் போட்டா சாயங்காலம் என்ன பண்ணும்?"

"அத்துக்கிட்டு ஓடுங்க. எதிர்ல எது இருந்தாலும் வாய வைக்கும்."

"அதைத் திருட்டு மாடுன்னு சொல்வீங்களா?"

கோகிலவாணி மூடி வைத்த பேனாவையே பார்த்தாள்.

"தட்டுல போட்டு, உட்காந்து, நாலு பேர் பார்க்கச் சாப்பிடுங்க. காலை, மதியம், ராத்திரி. தின்னுட்டோம்னு மறுநாள் பட்டினி கிடக்கறத விடுங்க. மொதல்ல அவ்வளவுதான்."

"அதுதாங்க முடியாது." கோகிலவாணி முந்தானையை விரலில் சுற்றினாள். "யாராவது பார்த்தா தொண்டை அடைச்சுக்குது. வெளிச்சத்துல எனக்கு எறங்காதுங்க."

"எறங்கும். மொத வாய்தான் கஷ்டம். அது உங்க குத்தமில்ல. ஒளிஞ்சு தின்னு ஒளிஞ்சு தின்னு உடம்பு அப்படிப் பழகிடுச்சு. அடுத்த வியாழக்கிழமை வந்து சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை காலை அடுப்படியிலேயே பலகை போட்டு இரண்டு இட்லி தின்றாள். "விடிஞ்சும் விடியாம கொட்டிக்கிறா பாரு" என்றாள் காசியம்மாள். சனிக்கிழமையும் தின்றாள். "மவராசி ஆபீசு போறா, டிபன் ஆவுது." மென்றுகொண்டே இருந்தாள். பாதி இட்லி நெஞ்சிலேயே நின்றது. ஆனாலும் நாலு மணிக்கு வழக்கமாக வரும் அந்தப் பேய் அன்று கொஞ்சம் தள்ளி நின்றே பார்த்தது.

அன்று சாயங்காலம் வரமிளகாய் எடுக்கச் சாமான் அறைக்குப் போனவள், டின்னைப் பார்த்ததும் நின்றாள். மணியின் நாக்கில் யாரோ பழந்துணியைச் சுற்றியிருந்தார்கள். ஆட்டினாலும் சத்தம் வராது. வேண்டிய மட்டும் தின்னலாம். ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. வாயில் எச்சில் ஊறியது. கால் ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டது.

இது மாமியார் வைத்த இன்னொரு பொறியோ? இருக்கலாம். எதுவானாலும் சரி என்று மிளகாயை மட்டும் அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முனிராஜ் வந்து சேர்ந்தான். வாசலிலேயே தங்கையைப் பார்த்து, "எங்கள சந்தி சிரிக்க வெச்சுட்ட" என்றான். அவன் கொண்டுவந்த சாத்துக்குடிப் பையை வாங்கிய காசியம்மாள், "இதையும் பூட்டித்தான் வெக்கணும்" என்றாள்.

கூடத்தில் இலை போட்டார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு, களி, சோறு. நவநீதனுக்கும் முனிராஜுக்கும் கோகிலவாணி பரிமாறினாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தாள். களி உருண்டை ஒன்று, மேலே குழம்பு, இரண்டு துண்டு கறி. கூடத்துக்கு வந்து ஜன்னலோரம், வெளிச்சத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

முனிராஜ் கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்திருந்தான்.

"ஆம்பளைங்க எந்திரிக்கல. அதுக்குள்ள என்னாடி இது?" காசியம்மாளின் குரல் உயர்ந்தது.

"பசிக்குது அத்தை. சாப்புடறேன்."

"ஒம்பது வருசம் பசிக்கலியா?"

"ஒம்பது வருசமும் பசிச்சுது."

"பாத்தீங்களா தம்பி? இதுவரைக்கும் கைதான் நீண்டுச்சு. இப்ப நாக்கும் நீளுது. மாது, நீ என்னாடா வாயில களியா அடைச்சுருக்கே? கேளேன்." கோபம் வந்தால் மகனை அவள் குலசாமி பெயரில்தான் கூப்பிடுவாள்.

நவநீதன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் விரல்கள் களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோவதைப் பார்த்தான். ஒன்பது வருஷத்தில் அவள் சாப்பிட்டு அவன் பார்ப்பது இதுதான் முதல் தரம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

முதல் கவளம் தொண்டையில் நின்றது. ஊர்க் கண்கள் எல்லாம் அங்கேயே நிற்பது போல இருந்தது, இருந்ததோ மூன்று ஜோடிதான் என்றாலும். கண்ணை மூடாமல் விழுங்கினாள். இரண்டாவது கவளம் அழுகையோடு போனது. நான்காவதில் குழம்பில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று தெரிந்தது.

"இதப் பாக்கறதுக்கு எனக்குக் கண்ணு வேணாம்." காசியம்மாள் விருட்டென்று உள்ளே போனாள். எங்கோ ஒரு கதவு அறைந்து சாத்தப்பட்டது.

"பெரியவங்க மனச நோகடிச்சுட்டே" என்றான் முனிராஜ். "சாப்ட்டு முடி. பையக் கட்டு, கெளம்பலாம். மூணு மணி பஸ் இருக்குது."

கோகிலவாணி தலை நிமிரவில்லை. கறித்துண்டை எடுத்தாள்.

அப்போது மணி அடித்தது.

கணீர் என்று, சந்தேகத்துக்கு இடமில்லாமல், சாமான் அறையிலிருந்து.

முனிராஜ் தங்கையைப் பார்த்தான். அவள் மடியில் தட்டு இருந்தது. கை நிறையக் குழம்பு இருந்தது. நவநீதன் பாதி எழுந்தான். "நீங்க உட்காருங்க" என்றாள் கோகிலவாணி. தட்டைக் கீழே வைத்துவிட்டு, எச்சில் கையோடு நடந்து போய்ச் சாமான் அறைக் கதவைத் தள்ளினாள்.

வெளிச்சம் கேழ்வரகு மூட்டையைத் தாண்டி மூலை வரை போனது. காசியம்மாள் தரையில் குந்தியிருந்தாள். டின் மடியில். இரண்டு கன்னமும் புடைத்திருந்தன. மணியின் நாக்கில் சுற்ற வேண்டிய பழந்துணி, அவசரத்தில் சுற்றப்படாமல் காலடியில் கிடந்தது. தட்டடைத் தூள் சேலையெல்லாம் கொட்டியிருந்தது.

முறைத்துக்கொண்டே மென்றாள் காசியம்மாள். விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. கையைக் கண்ணுக்கு மறைப்பாகத் தூக்கினாள்.

"கதவச் சாத்திட்டுப் போடி. வெளிச்சத்துல எனக்கு எறங்காது."