அட்டைப்பெட்டிச் சங்கத்தின் மினிட்ஸ் நோட்டு

அட்டைப்பெட்டி தயாரிப்பாளர் சங்கத்துக்கு நான் பதினோரு வருடம் செயலாளர். மொத்தம் ஐந்தே கம்பெனி. மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஐந்து முதலாளிகளும் மாடி அறையில் கூடி, பெட்டி என்ன விலை, யார் எந்த ஊரில் விற்பது என்று பேசி முடிப்பார்கள். நான் ஒன்று விடாமல் மினிட்ஸ் நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுவேன். இதையெல்லாம் எழுதி வைக்கக் கூடாது என்று அந்த மகானுபாவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

என் தங்கை சோப்பு செய்கிறாள். ஒரு தகரக் கொட்டகை, ஆறு பெண்கள். வெளிநாட்டிலிருந்து முதன்முதலாகப் பெரிய ஆர்டர் வந்தபோது பெட்டி விலை அந்த வருடத்தில் இரண்டாம் தடவையாக ஏறியிருந்தது. ஐந்து கம்பெனிக்கும் நடையாய் நடந்தாள். ஐந்திலும் ஒரே விலை. கடைசியில் என்னிடம் வந்து, சங்கத்தில் சொல்லிக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டாள். பேசிப் பார்த்தேன், மசியவில்லை என்று பிறகு சொல்லிவிட்டேன். ஆர்டர் வேறு நாட்டுக்காரன் கைக்குப் போனது. நாலு பெண்களை வேலையிலிருந்து நிறுத்தினாள்.

அழுதுகொண்டு உட்காருகிற ஆள் இல்லை அவள். கம்பெனிகள் கூடிப் பேசி விலை வைத்தால் விசாரிக்கிற போட்டி ஆணையத்தில் புகார் எழுதிக் கொடுத்தாள். சேர்ந்து பேசித்தான் விலை வைக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே என்றார்கள். அவளிடம் ஐந்து விலைப்பட்டியல் தவிர ஒன்றும் இல்லை. எல்லாம் தற்செயல் என்று எங்கள் சங்க வக்கீல் ஒரே போடாகப் போட்டார்.

சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டு நோட்டை அடுப்பில் போடச் சொன்னார். எனக்கும் அதுதான் சௌகரியம். ஏனென்றால் நான் அவளுக்காகப் பேசவே இல்லை. தங்கைக்குச் சலுகை கேட்டான் என்று பேர் வந்துவிடுமோ என்று பயந்து, சோப்புக் கம்பெனிக்குக் குறைக்க வேண்டாம் என்று நானே முந்திக்கொண்டு முன்மொழிந்தேன். அதையும் என் பேர் போட்டு எழுதியிருந்தேன். அட முட்டாளே, அதையாவது விட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா?

ஆனால் நோட்டை எரித்தால் அவள் புகாருக்கு ஆதாரமே இல்லை. அந்த ஒரு தாளை மட்டும் கிழித்துவிட்டு மிச்சத்தை ஆணையத்தில் கொடுக்கலாம் என்று பார்த்தேன். ஏற்றிய விலையை ஐந்து கம்பெனியும் இறக்குவதில்லை என்ற தீர்மானமும் ஐவரின் கையெழுத்தும் அதே தாளில்தான் இருந்தன. இரண்டு நாள் நோட்டை அலமாரியில் பூட்டி வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் போய், நோட்டை முழுசாக ஆணையத்தில் கொடுத்தேன்.

விசாரணையன்று நோட்டைப் பார்த்ததும் வக்கீல் தன் ஃபைலை மூடி வைத்துவிட்டார். அதிகாரி என் முன்மொழிவு இருந்த அந்தப் பக்கத்தைத் திருப்பித் தங்கையிடம் நீட்டினார். நின்றுகொண்டே படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"இது யார் எழுத்துன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"தெரியும் சார். செயலாளரோட எழுத்து."