கோமளாவின் வலது கை

கள்ளிக்குப்பத்தில் ராதிகா எடுத்த கல்யாணப் படத்தில் ஒரு பருவோ தழும்போ பார்க்க முடியாது. பத்து வருஷமாக அதுதான் அவளுக்குப் பேர். எந்த முகத்தை எந்தப் பக்கம் திருப்பினால் எடுப்பாக இருக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்.

அன்று ஸ்டுடியோவுக்கு வந்த கோமளாவுக்கு வேண்டியிருந்தது வேறு மாதிரிப் படம். பக்கத்துத் தெருக்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மிஷினில் வேலை. போன மாதம் மிஷின் இறங்கி வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கவனமில்லாமல் அவளே கையை விட்டுவிட்டாள் என்று கம்பெனி எழுதிவிட்டது. அதை எதிர்த்து மனு போட, தொழிலாளர் அலுவலகத்தில் கையின் படம் கேட்டார்கள்.

ராதிகா ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வெளிச்சத்தைக் குறைத்தாள். கறுப்புத் துணி விரித்து, வெட்டுப்பட்ட பக்கம் நிழலில் விழும்படி கையைச் சாய்த்து வைத்தாள். எல்லாம் கைப்பழக்கம். படத்தைப் பார்த்த கோமளாவுக்கு மூக்கு விடைத்தது.

"இன்னாம்மா இது, வளையல் கடை விளம்பரமா? என் கை எப்டி கீதோ அப்டி எடுக்க மாட்டியா?"

"பாக்க அசிங்கமா இருக்கக் கூடாதேன்னுதான் அக்கா..."

"அசிங்கம் பண்ணது அவனுங்க. நீ இன்னாத்துக்கு மூடி வெக்கிற?"

கோமளா விருட்டென்று போய்விட்டாள். ராதிகாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் படத்தை இதுவரை யாரும் முகத்துக்கு நேரே குறை சொன்னதில்லை. சோறு இறங்கவில்லை. படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கோபம் தன் மேலேயே திரும்பியது. மூன்று விரலை எடுத்தது மிஷின், அது போனதை மறைத்தது அவள்தான்.

உச்சி வெயிலில் கேமராவோடு கோமளா வீட்டுக்குப் போனாள். "கிளம்புங்கக்கா, கம்பெனி வாசல்லயே எடுப்போம்."

வாசலில் கோமளா கையைத் தூக்கிப் பிடித்தாள். ஷிப்ட் விட்டு வந்த பெண்கள் நின்றார்கள். ஒருத்தி தயங்கித் தயங்கித் தன் கையையும் பக்கத்தில் நீட்டினாள். நுனி போன ஆள்காட்டி விரல். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி. ராதிகா யாரையும் திரும்பச் சொல்லவில்லை, சிரிக்கச் சொல்லவில்லை, கேமரா பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"இங்க படம் எடுக்கக் கூடாது!" சூப்பர்வைசர் வீராசாமி ஓடிவந்து லென்ஸை மறைக்கக் கையை நீட்டினான்.

"கைய எடுய்யா!" என்று கத்தினாள் ராதிகா. தெருவில் அவள் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. கத்திக்கொண்டே, நீண்டு வந்த அந்தக் கையையும் படம் எடுத்தாள். தடித்த மோதிரம், ஐந்து விரலும் முழுசாக.

ஒரு படத்தைக்கூடத் திருத்தாமல் மனுவோடு கொடுத்தார்கள். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கடைசிப் படம் யாருடையது என்று கேட்டார்.

"சூப்பர்வைசர் கை சார்," என்றாள் கோமளா. "அவுரு மிஷின் கிட்டயே வர மாட்டாரு."

அதிகாரி பட்டறைக்கு வந்து செய்த சோதனையில், கை உள்ளே போனால் மிஷினை நிறுத்தும் சென்சாரை நாலு மிஷினில் கழற்றி வைத்திருந்தது தெரிந்தது. கோமளாவின் மேல் எழுதிய பழி அடிபட்டுப் போனது.

ராதிகாவின் கோபம் மட்டும் தணியவில்லை. வெள்ளானூர்ப் பக்கம் இன்னொரு பட்டறையிலிருந்து ஒரு பெண் போன் செய்தபோது, "உங்க ஷிப்ட் எத்தனை மணிக்கு விடும்?" என்றுதான் முதலில் கேட்டாள்.