ஒட்டுக்குச்சிக்கு ஒரு வாரம்

1

எலுமிச்சைக் கன்று வாங்கத்தான் அடி அண்ணாமலையில் இருக்கும் நர்சரிக்குப் போனேன். கன்றோடு இந்தக் கதையும் வந்தது. அங்கே ஒட்டுக் கட்டும் அருணாதேவி, கை வேலையை நிறுத்தாமல் சொன்னாள். எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. ஆனா அவள கெட்டவளாக்கிடாதீங்க" என்றாள்.

'அவள்' மதிவதனி. அருணாதேவியின் கொழுந்தன் மனைவி.

2

பாகம் பிரித்த அன்று மாமரத்தின் கண்ணில்—

வேண்டாம். மரத்துக்குக் கண் வைத்தால் கதை கெட்டுவிடும். நேராகவே சொல்கிறேன். பாகப்பிரிவினையில் கிணற்றோர மாமரம் மதிவதனி பக்கம் போனது. அன்றிலிருந்து வருஷக்கணக்காக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. இப்போது அங்கே மதிவதனிக்கு வீடு கட்ட வேண்டும். மரத்தை வெட்ட ஆள் சொல்லியாயிற்று. அந்த ருசி வேறெந்த மரத்திலும் கிடையாது. கொட்டை போட்டால் அதே பழம் வருமென்ற நிச்சயமில்லை. ஒட்டுக் கட்டினால்தான் உண்டு.

(இங்கே ஓர் அடைப்புக்குறி: குச்சியை ஒடித்து வந்து உடனே கட்டினால் பிடிப்பது கஷ்டம். மரத்திலேயே இலைகளைக் கிள்ளிவிட்டு ஒரு வாரம், பத்து நாள் விட வேண்டும். நுனிமொட்டு திரண்டதும் வெட்டி, வேறொரு மாங்கன்றின் தண்டைப் பிளந்து, செருகிக் கட்ட வேண்டும்.)

ஆக, பேச்சில்லாதவளிடம் குச்சியோடு ஒரு வார அவகாசமும் கேட்டாக வேண்டும்.

3

அருணாதேவி போனாள்.

"மதி, மரத்த ஒரு வாரம் விட்டு வெட்டறியா? ஒட்டுக்குக் குச்சி வேணும்."

மதிவதனி கதவைப் படாரென்று—

அந்த வரியை அடித்துவிட்டேன். கதை சூடேறட்டும் என்று நானாகச் சாத்திய கதவு அது. நடந்ததோ வேறு. மதிவதனி போனை எடுத்தாள்.

"மேஸ்திரி, பௌர்ணமி வருது. கிரிவலக் கூட்டத்துல லாரி உள்ள வராது. எல்லாம் அடங்கினப்புறம், அடுத்த வாரம் வாங்க."

போனை வைத்துவிட்டு, "மேல் கொம்புக்கு ஏணி வேணுமாக்கா?" என்றாள்.

அருணாதேவி இலை கிள்ளி முடிக்கும்வரை மதிவதனி ஏணியைப் பிடித்திருந்தாள்.

4

மரம் போயிற்று. கட்டிய ஒட்டில் முக்கால்வாசி காய்ந்துவிட்டது. பிழைத்ததில் செப்பு நிறத்தில் தளிர் வந்தபோது, ஒன்றை மதிவதனிக்கென்று தனியாக வைத்தாள் அருணாதேவி.

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் வீடு எழும்பிய பிறகு மதிவதனி நர்சரிக்கு வந்தாள்.

"எங்க பக்கம் பூரா சிமெண்ட் போட்டுட்டாங்கக்கா. வெக்க மண்ணே இல்ல. ஒங்க பக்கமே வெச்சுடுங்க." கொஞ்சம் தயங்கி, "பழத்துக்கு வரலாமாக்கா?" என்றாள்.

அருணாதேவியின் பதிலை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அழுகிறாள், நாடகம். இன்னொன்றில் "வா" என்கிறாள். அத்தனை வருஷ மௌனத்துக்கு அது கம்மி. அவளிடமே கேட்டேன். சிரித்தாளே தவிர, சொல்லவில்லை.

அருணாதேவி இடத்தில் நின்று நீங்களே பதில் சொல்லிப் பாருங்கள். மதிவதனி இன்னும் கன்றைத் தொடாமல் நிற்கிறாள்.